அம்மாவை வாசற்காவலில் நிறுத்தியது யார்?

ஆணவக் கொலையைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்பது தமிழ்நாட்டின் பழைய கோரிக்கை. பாளையங்கோட்டையில் 2025 ஜூலை 27 அன்று மென்பொருள் பொறியாளர் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு அது மறுபடியும் சூடுபிடித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் இதற்கென ஓர் ஆணையம் அமைக்கப்படும் என்று அக்டோபர் 17 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். சட்டம் எப்படி அமைந்தாலும் அது கத்தி எடுத்தவனைத்தான் பிடிக்கும். கத்திவரைக்கும் போகாத வீடுகளை என்ன செய்யப்போகிறோம்?

அந்த வீடுகளில் ரத்தம் சிந்துவதில்லை. எஃப்.ஐ.ஆர். கிடையாது. மகளின் செல்போன் பிடுங்கப்படும். நாளையிலிருந்து வேலைக்குப் போகவேண்டாம் என்பார்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு அழைத்துப்போவார்கள். போன இடத்தில் பாட்டி திடகாத்திரமாக இருப்பார், மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பா கத்துவார். அண்ணன் மிரட்டுவான். அதெல்லாம் அரை மணி நேரம். மகள் குளியலறையில் எவ்வளவு நேரம் இருக்கிறாள், யாரோடு பேசும்போது குரல் தாழ்கிறது, தீபாவளிக்கு எடுத்த சுடிதாரை ஏன் சாதாரண நாளில் போட்டுக்கொண்டு போகிறாள் என்று நாள் முழுக்கப் பார்க்கும் வேலை அம்மாவுடையது. ஆணவக் கொலைகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். இந்த அம்மாவைப் பற்றி அநேகமாக எழுதவே இல்லை.

மணலியில் ஓர் அம்மா

இனிச் சொல்லப்போகும் அம்மா தனி ஒருவர் அல்லர். மாத்தூர் எம்.எம்.டி.ஏ., சின்னசேக்காடு, மணலி புதுநகர் என்று வடசென்னையின் இந்தப் பக்கத்தில் வாழும் பலரைச் சேர்த்து வரைந்த உருவம்.

1960-களின் இறுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், பின்னாலேயே உர ஆலையும், அவற்றை ஒட்டி வேதிப்பொருள் ஆலைகளும் வந்தபோது மணலி வேலை தேடி வருகிறவர்களின் ஊரானது. நம்முடைய அம்மா தென்மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் ஏதோ ஓர் ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இருபத்தைந்து வருடம் கேட்டுக்கு உள்ளே போய்வந்தும் பர்மனென்ட் ஆகவில்லை. அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். ஒரு மகள், ஒரு மகன்.

இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பது என்றால் முதலில் பயப்படக் கற்றுக்கொள்வது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் ஆலைகளுக்கு வரும் டேங்கர்களும் ஓடும் சாலையைக் கடந்துதான் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பிலிருந்து மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துச் சாலையைக் கடந்த கை அது. இரவில் காற்றின் திசை மாறி நெடி வந்தால் முதலில் எழுந்து ஜன்னலைச் சாத்துவதும் அவர்தான். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலியைச் சேர்த்தது. பட்டியல் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவருடைய மூக்குக்கு அது தெரியும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. தண்ணீர் வடிந்த பின்னும் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்து வீடுகளின் சுவரில் கறுப்புக் கோடு நின்றது. அந்த மாதக் கடைசியிலேயே எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தாய் எதையும் மோப்பம் பிடிப்பவராக, எதையும் நம்பாதவராக மாறுவதில் வியப்பில்லை. அந்தப் பயம் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், சாலையைக் கடக்கும்போது பிடித்த பிடியை எப்போது விடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மகளுக்கு இருபத்து நான்கு வயது. ஷேர் ஆட்டோவில் விம்கோ நகர் போய், மெட்ரோவில் கிண்டி போய் வேலை பார்க்கிறாள். அம்மாவின் விரல்கள் இன்னும் அந்த மணிக்கட்டில்தான் இருக்கின்றன. செல்போன் வழியாக.

"யாருடி அவன்?" என்று ஒருநாள் கேட்கிறார். நெடி வந்தால் ஜன்னலைச் சாத்துகிற அதே கை, அதே வேகம்.

பாசம் என்ற சொல்லுக்குத் தமிழில் கயிறு என்றும் பொருள். எமன் கையில் இருப்பதும் பாசக்கயிறுதான். நம் முன்னோர் தெரிந்துதான் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தார்களோ என்று சில வீடுகளைப் பார்க்கும்போது தோன்றும்.

'நீ வீட்ல என்ன பண்ணிட்டு இருந்தே?'

மகள் காதலிக்கிறாள் என்று தெரிந்த அன்று அந்த வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி மகளைப் பார்த்து அல்ல. கணவர் மனைவியைப் பார்த்துக் கேட்கிறார்: "நீ வீட்ல என்ன பண்ணிட்டு இருந்தே?"

மாமியார் ஊரிலிருந்து போன் செய்து அதையே வேறு சொற்களில் கேட்பார். பெரியப்பா கேட்பார். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். காலை வணக்கப் படங்கள் மட்டும் திடீரென்று நின்றுபோகும். அதற்குப் பொருள் என்ன என்று அவருக்குத் தெரியும். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று ஒரு பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தலைமுறை தலைமுறையாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தாயைத்தான். தந்தையைப் போல பிள்ளை என்று யாரும் திட்டிக் கேட்டதில்லை.

குடும்பத்தின் மானம் என்று ஒன்று இருக்கிறது; அதன் முதலாளிகள் ஆண்கள்; வாசலில் காவலுக்கு நிற்பது அம்மா. சம்பளம் கிடையாது. திருட்டுப் போனால் பொறுப்பு மட்டும் உண்டு. எத்தனையோ வீடுகளில் 'கொடுமைக்காரி' என்று பெயர் எடுக்கும் தாயின் உண்மை நிலைமை இதுதான்.

இதைச் சொல்வதால் அவர் செய்வது சரியாகிவிடாது. பூட்டிய அறைக்குள் இருக்கும் இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு, சாவி யாருடைய உத்தரவால் திரும்பியது என்பதில் ஆறுதல் எதுவும் இல்லை. சில தாய்மார்கள் காவலோடு நிற்பதில்லை. அடிக்கிறார்கள், சாகப்போவதாக மிரட்டுகிறார்கள், சாமியாடியிடம் அழைத்துப்போகிறார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) புகுந்த வீட்டுக்கு மட்டுமானது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பிறந்த வீட்டுக்கும் அது பொருந்தும். ஒரு மகள் தன் பெற்றோருக்கு எதிராகவும் அதன்கீழ் பாதுகாப்பு கேட்கலாம்.

பணக் கணக்கும் இருக்கிறது. பர்மனென்ட் ஆகாத கணவருக்கு ஓய்வூதியம் இல்லை. மாதாமாதம் கட்டிய நகைச் சீட்டும், சொந்தக்காரர்களின் கல்யாணங்களில் இத்தனை வருடம் எழுதிய மொய்யும்தான் அந்த வீட்டின் சேமிப்பு. மகளின் கல்யாணம் ஊரில் நடந்தால்தான் மொய் திரும்பி வரும். மகன் சாதிக்குள் கட்டினால்தான் வயதான காலத்தில் சோறு போடும் மருமகளும், வந்து நிற்கும் உறவும் கிடைக்கும் என்று நம்புகிறார். காதல் கல்யாணம் அவருக்கு ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் தெரிவதில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசி காலாவதியானதுபோலத் தெரிகிறது. 2011-12-ல் எடுக்கப்பட்ட இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பில், சாதி தாண்டிய திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான். கணவரைத் தாங்களே தனியாகத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்ன பெண்களும் ஏறக்குறைய அவ்வளவே. நம்முடைய மணலி அம்மா ஊர் உலகத்தில் இல்லாததைச் செய்யவில்லை. ஊர் உலகம் செய்வதைத்தான் செய்கிறார்.

நீதிமன்றத்தில் ஒரு தாய்

2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு ஓர் ஆட்கொணர்வு மனுவில் தீர்ப்பளித்தது. வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த வழக்கு. 25 வயதுப் பெண்ணை அவருடைய வீட்டார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு பெண் மனு செய்திருந்தார். மனுவில் அவர் தன்னைத் தோழி என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தார். அந்தத் தயக்கத்தை நீதிபதிகள் புரிந்துகொண்டார்கள்.

அடைத்துவைக்கப்பட்ட பெண் நீதிமன்றத்தில் பேசினார். தான் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர் என்றும், மனுதாரரே தன் துணை என்றும் சொன்னார். வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அழைத்துப்போய் அடித்ததையும், 'சரியாக்குவதற்காக'ச் சடங்குகள் செய்ததையும் சொன்னார். அவருடைய தாயும் அங்கே இருந்தார். தன் மகளை அந்தப் பெண் கெடுத்துவிட்டாள் என்பது அவர் குற்றச்சாட்டு. வயது வந்த பெண்ணுக்குத் தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று நீதிபதிகள் அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். பயனில்லை என்று தீர்ப்பிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

பெண் விடுவிக்கப்பட்டார். வீட்டார் குறுக்கிடக் கூடாது என்றும், கேட்கும்போது காவல் துறை பாதுகாப்பு தரவேண்டும் என்றும் உத்தரவானது. புகார் வந்தும் அசையாத காவல் துறைக்குக் கண்டனமும் இருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் அமைவதில்லை, தேர்ந்தெடுத்த குடும்பம் என்ற கருத்து இன்று நிலைபெற்றுவிட்டது என்று அந்த அமர்வு சொன்னது. தாலி, பத்திரிகை, மொய் எதுவும் இல்லாமல் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் குடும்பமாக இருக்க முடியும் என்று ஓர் உயர் நீதிமன்றம் சொல்வதை நம் மணலி அம்மா கேட்டால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். முதலில் சிரிப்பார். அப்புறம், 'வயசான காலத்துல யாரு பாத்துப்பா?' என்பார். அது முட்டாள்தனமான கேள்வி இல்லை.

அதே தீர்ப்பில் நீதிபதிகள் இன்னொன்றும் சொன்னார்கள்: எல்லாத் தாயும் லைலா சேத் ஆகிவிட முடியாது, மகள் மற்றவர்களைப் போலக் கல்யாணம் செய்துகொண்டு வாழவேண்டும் என்ற அந்தத் தாயின் ஆசை தங்களுக்குப் புரிகிறது என்று. இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

ஒரே நாளில் மாறியவர் யார்?

லைலா சேத், இந்தியாவில் ஒரு மாநில உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான முதல் பெண். 1991-ல் இமாச்சலப் பிரதேசத்தில். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாய். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை மறுபடியும் நிலைநாட்டியபோது, ஒரு தாயாகவும் நீதிபதியாகவும் அதைக் கண்டித்து 2014 ஜனவரியில் நாளிதழில் எழுதினார். அந்தப் பிரிவின் பெரும்பகுதி 2018 செப்டம்பரில் செல்லாது என்று ஆனபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு மே மாதம் காலமாகியிருந்தார்.

ஆனால், லைலா சேத்தும் முதல் நாளே லைலா சேத் ஆகிவிடவில்லை. மகன் இருபாலின ஈர்ப்பு கொண்டவர் என்பதைப் புரிந்துகொள்வது தனக்கும் கணவருக்கும் தொடக்கத்தில் கடினமாகவே இருந்தது என்று அவருடைய தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சட்டம் படித்தவர், உலகம் சுற்றியவர், வீடு நிறையப் புத்தகங்கள் வைத்திருந்தவர். அவருக்கே காலம் தேவைப்பட்டது. ரவிக்கை தைக்கும் அம்மாவுக்கு மட்டும் ஒரே விசாரணை நாளில் மாறிவிடும்படி சொல்கிறோம்.

மும்பையில் பத்மா ஐயர் என்ற தாய் 2015-ல் தன் மகன் ஹரீஷுக்கு மாப்பிள்ளை தேடி நாளிதழில் வரன் விளம்பரம் கொடுத்தார். தன்பாலின மணத்துக்கு இந்தியாவில் வந்த முதல் வரன் விளம்பரம் அதுதான் என்று பேசப்பட்டது. அதில் ஐயர் என்றால் விருப்பம் என்றும் ஒரு வரி இருந்தது! பலர் கோபப்பட்டார்கள், நியாயம்தான். எனக்கு அந்த வரி வேறொன்றைக் காட்டுகிறது. ஒரு தாயின் மனம் மாறும்போது எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிவதில்லை. மகனின் காதலை ஏற்றுக்கொண்ட அம்மா சாதியை விடாமல் இருக்கலாம். சாதி மாறிய மருமகனுக்கு விருந்து போடுகிற அம்மா, மதம் என்றதும் முகம் சுளிக்கலாம். மாற்றம் அரைகுறையாகத்தான் வரும். அரைகுறை போதும் என்று நிறுத்திக்கொள்ளவும் கூடாது, அரைகுறை என்பதற்காகத் தள்ளிவிடவும் கூடாது.

இன்னொரு வழக்கு, 2021. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறிச் சென்னைக்கு வந்தார்கள். காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் உடனே தீர்ப்பு எழுதவில்லை. இதைப் பற்றித் தனக்கே தெளிவு போதாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் தானே உட்கார்ந்து பாடம் கேட்டார். அந்தப் பெண்களையும் அவர்களின் பெற்றோரையும் தனித்தனியே ஆலோசனைக்கு அனுப்பினார்.

அந்த ஆலோசனை அறிக்கையில் தெரிந்தது என்ன? பெற்றோரின் கவலை ஊர் என்ன சொல்லும் என்பதிலும், பிள்ளைகளின் பாதுகாப்பிலும் இருந்தது. ஒரு பெண்ணைத் துணையாகக் கொள்வதைவிட மகள் கடைசிவரை கல்யாணமே இல்லாமல் தனியாக இருப்பது கௌரவம் என்று அவர்கள் நினைத்தார்கள். மகள்களோ, படிக்கவேண்டும், வேலை பார்க்கவேண்டும், பெற்றோரோடு தொடர்பிலும் இருக்கவேண்டும் என்றார்கள். ஓடிவந்த பிள்ளைகள் அம்மா அப்பாவை வெட்டிவிட்டு வரவில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் எந்தக் காலத்திலும் பதிவாகாத செய்தி இது. தனியாகக் கேட்டதால் வெளியே வந்தது.

2021 ஜூன் 7 உத்தரவில், பாலின ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சைகளுக்கு அவர் தடை விதித்தார். காணாமற்போனதாகச் சொல்லப்படுகிறவர்கள் விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயதுவந்த பால்புதுமையினர் (தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்கள் உள்ளிட்டோர்) என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, துன்புறுத்தாமல் புகாரை முடிக்கவேண்டும் என்று காவல் துறைக்குச் சொன்னார். இதெல்லாம் செய்தியானது. தாய் தந்தையருக்கும் ஆலோசனை தேவை என்று ஒரு நீதிபதிக்குத் தோன்றியதுதான் என் கணக்கில் பெரிய செய்தி.

ஞாயிறு ஊர்க்காரப் பெண்

மணலிக்காரர்களுக்கு லைலா சேத் தூரம். சங்கிலியார் பக்கம்.

செங்குன்றம் தாண்டியிருக்கும் ஞாயிறு என்ற ஊரில் பிறந்த பெண் சங்கிலி. பெரியபுராணம் சொல்லும் கதை இது. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது அவள் மறுத்தாள். தனக்கு ஏற்றவன் யார் என்பது தன் மனதுக்குத் தெரியும் என்ற நிலையில் நின்றாள். பெற்றோர் திகைத்தார்கள், பயந்தார்கள், மழுப்பினார்கள். கடைசியில் அவள் விரும்பியபடியே திருவொற்றியூரில் ஒரு கன்னிமாடம் அமைத்துக் குடிவைத்தார்கள். அங்கே பூத்தொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சுந்தரர் அவளைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன், உன்னைப் பிரியமாட்டேன் என்று அவள் சத்தியம் வாங்கிய இடம் கோயிலின் மகிழ மரத்தடி. சந்நிதியில் செய்து தப்பித்துவிடலாம் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டதும், அதைச் சிவபெருமானே பெண்ணிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டதும் தனிச் சுவை.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தப் பெற்றோரை. மகள் வேண்டாம் என்றதும் அடைத்துவைக்கவில்லை. வேறோர் ஊரில் அவளுக்கென்று ஓர் இடம் கட்டிக்கொடுத்தார்கள். சங்கிலியின் கல்யாணத்தைக் கொண்டாடும் மகிழடி சேவைக்கு மாசியில் மணலி அம்மாக்கள் பஸ் ஏறிப் போகிறார்கள். ஏறுகிற பஸ்ஸில் 2021 முதல் அவர்களுக்குக் கட்டணம் இல்லை.

இந்தக் கட்டணமில்லாப் பயணத்தைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். 2022 செப்டம்பரில் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்ட புதுமைப்பெண் திட்டம் மகளின் கையில் மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. அடுத்த ஆண்டு மகளிர் உரிமைத் தொகையாக அம்மாவின் வங்கிக் கணக்கிலும் 1,000 ரூபாய் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால், கணவரைக் கேட்காமல் பஸ் ஏறவும், தன் பெயரில் ஒரு கணக்கு வைத்திருக்கவும் முடிகிற பெண், மகளின் வாழ்க்கையை மட்டுமே தன் ஒரே முதலீடாகப் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டியதில்லை. அம்மாவின் பிடி தளர்வதற்கு உபதேசத்தைவிட இதுதான் கூடுதலாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

என்ன செய்யலாம்?

முதலில் காவல் நிலையம். மகளைக் காணவில்லை என்று புகார் வந்து, அவள் வயதுவந்தவள், விருப்பத்தோடு போனவள் என்று தெரிந்தால், வாக்குமூலத்தைத் தனி அறையில், வீட்டார் யாரும் இல்லாமல் வாங்கவேண்டும். ஸ்டேஷன் வாசலில் அம்மா தரையில் உருண்டு அழுவதும், 'ஒரு வாரம் வீட்டுக்குப் போயிட்டு வாம்மா, எல்லாம் சரியாயிடும்' என்று அதிகாரி அனுப்பிவைப்பதும் பழைய சினிமாவோடு முடிந்துபோகட்டும். 2021 உத்தரவில் பால்புதுமையினருக்குச் சொன்ன நடைமுறையை எல்லா இணையருக்கும் எழுத்துபூர்வமான விதியாக்கலாம். ஆணவக் கொலையைத் தடுக்கக் கேட்கும் தனிச் சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு போதும்.

அழுது உருளும் அம்மாவை அங்கேயே விட்டுவிட முடியாது. பெற்றோருக்குப் பிடிக்காவிட்டால் அதிகபட்சம் உறவை முறித்துக்கொள்ளலாமே தவிர மிரட்டவோ தாக்கவோ கூடாது என்று 2006-ல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி அது தெளிவு. ஆனால், உறவை முறித்துக்கொண்டு வீடு திரும்பும் தாய்க்காக 'நீ என்ன பண்ணிட்டு இருந்தே' என்ற கேள்வி வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது. அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒருவர் அவரோடு பேசவேண்டும். மாவட்டங்களில் இயங்கும் சகி மையங்களும் 181 உதவி எண்ணும் பாதிக்கப்பட்ட பெண்களுக்கானவை. அங்கே இருக்கும் ஆலோசகர்களுக்குப் பெற்றோரோடு பேசவும் பயிற்சி கொடுத்து, ஒருவரையாவது மணலி - திருவொற்றியூர்ப் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்கு வாரத்தில் சில நாட்கள் அனுப்பலாம். ஒரே முறை பேசினால் பயனில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொடரவேண்டும். அப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைக்கவேண்டும். அவர் ஷிப்ட் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார், விடக் கூடாது.

தங்குமிடம் அடுத்தது. சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், மிரட்டலுக்கு ஆளாகும் இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும், முதலில் ஒரு மாதம், தேவைப்பட்டால் ஒரு வருடம்வரை குறைந்த கட்டணத்தில் தங்கவைக்கலாம் என்று வழிகாட்டியது. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. வடசென்னையில் அப்படி ஓர் இல்லம் இருந்தால், சங்கிலிக்குக் கிடைத்த கன்னிமாடம் இந்தக் காலத்துப் பெண்ணுக்கும் கிடைக்கும். அதில் பெற்றோர் வந்து பார்த்துப் பேச, கண்காணிப்போடு ஓர் அறையும் இருக்கட்டும். பிரிந்த இரண்டாம் மாதத்தில் அம்மாவுக்கு மகளைப் பார்க்கவேண்டும் போலிருக்கும். எங்கே போவதென்று தெரியாமல் அந்த ஆசையும் ஆத்திரமாக மாறும்.

பதிவு அலுவலகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வயதுவந்தவர்களின் திருமணத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. எந்த அலுவலகத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் 'அப்பா அம்மாவைக் கூட்டி வா' என்று கேட்கக் கூடாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டுவது, மிரட்டலில் இருக்கும் இணையரைத் தேடுகிறவர்களுக்கு முகவரி எழுதிக் கொடுப்பது போன்றது. அதைத் திருத்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசை வலியுறுத்தவேண்டும். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-லேயே சட்டம் இயற்றினோம். அதற்கு ஊரைக் கூட்டவேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. இந்தத் தகவலை ஒவ்வொரு கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம்.

'வயசான காலத்துல யாரு பாத்துப்பா' என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். ஆலைகளில் காலமெல்லாம் கான்ட்ராக்டில் உழைத்தவர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்க வழிசெய்யாமல், பிள்ளையின் கல்யாணத்தில் தலையிடாதே என்று சொல்வது பாதிப் பேச்சு. தொழிற்சங்கங்கள் இதையும் தங்கள் கோரிக்கையில் சேர்க்கலாம். ஆணவக் கொலைக்கும் ஓய்வூதியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், மணலியில் ஒரு நாள் வந்து தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, மாறிய அம்மாக்கள். சாதி மாறிக் கட்டிய மகளின் வீட்டுக்கு இப்போது மீன்குழம்பு தூக்குடன் போய்வருகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஊருக்குத் தெரியாமல் போகிறார்கள், பேசமாட்டார்கள். தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்களின் பெற்றோர், 'ஸ்வீகார்' என்ற பெயரில் சேர்ந்திருக்கிறார்கள்; 2023-ல் தங்கள் பிள்ளைகளுக்குத் திருமண உரிமை கேட்டு 400-க்கும் மேற்பட்ட பெற்றோர் கையெழுத்திட்டுத் தலைமை நீதிபதிக்குக் கடிதமே எழுதினார்கள். மணலியில் அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் கடன் தவணைக் கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம், அப்படிப்பட்ட ஓர் அம்மாவைப் பேசவைத்தால் போதும். ஒரு வழக்கறிஞர் சொன்னால் நம்பாததை, அடுத்த தெருக்காரி சொன்னால் நம்புவார்கள்.

மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்கத் திருவொற்றியூரில் கூட்டம் நெரியும். காணாமற்போன குழந்தைகளை அறிவிக்கும் மைக் பந்தல் எந்தத் திருவிழாவிலும் உண்டு. அதை ஒட்டி 181 என்று எழுதிய ஒரு மேசையைப் போடலாம். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்கட்டும். இன்னொன்று, வளர்ந்த பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு.